வாயை மட்டும் அசைத்த முதலாளி

தென்காசியில் பாதிப் பெண்கள் போட்டிருப்பது தங்கபுஷ்பம் அக்கா தைத்து விற்ற நைட்டிதான். ரெண்டு தையல் மிஷினில் தொடங்கியவருக்கு இன்று எண்பது மிஷின், மூன்று கடை. குற்றாலத்து ஓட்டலில் வைத்து ஒரு சங்கம் ‘சாதனைப் பெண்மணி’ ஷீல்டு கொடுத்தது. வீட்டில் அதை உற்றுப் பார்த்தார். ஒரு சந்தோஷமும் வரவில்லை. காற்றில் அடிக்கும் கதவுக்கு அதையே முட்டுக் கொடுத்துவிட்டார்.

ஐம்பது வயதில் சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தார். முதல் நாளே பாட்டை நிறுத்தினார் குழுவை நடத்தும் தபால் ஆபீஸ் கிளார்க் ஏசுதாசன்.

“அக்கா, லாரி ரிவர்ஸ் எடுக்க மாதிரில்லா இருக்கு! கொஞ்ச நாள் பின்னால நின்னு வாய மட்டும் அசைங்க.”

அக்கா கடையில் வேலை பார்க்கும் நாலு பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்களுக்கு உயிரே போய்விட்டது.

பத்து வருசமாக ‘சரிக்கா’வைத் தவிர வேறு சொல் கேட்காத அக்கா, கோபத்தில் காரில் போய் உட்கார்ந்தார். சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்ய முடியாத வேலை ஒன்று கடைசியில் அகப்பட்டிருக்கிறதே என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. திரும்பிப் போய்ப் பின்வரிசையில் நின்றார்.

எட்டாவது மாதம் ஒரே ஒரு வரி சுருதி சேர்ந்தது. வீடு வரை அதையே பாடி டிரைவரைப் படாத பாடு படுத்தினார்.

மறுவாரம் மேனேஜர் முத்துசெல்வி போன் செய்தாள்.

“அக்கா, ஆலங்குளம் கடைத் திறப்பு சனிக்கிழமை சாயங்காலம்.”

“திங்கக்கிழமைக்கு மாத்துட்டி. சனிக்கிழமை எனக்குப் பாட்டு இருக்கு.”

“நீங்க பாடுதியளா?”

“அந்த ஏசுதாசன் எங்கட்டி பாட விடுதான்! ஒரு வரிதான்.”