இடது கட்டைவிரலுக்கு ஒரு டிவிடி

‘அரைநொடி’ என்ற பெயரை முதலில் என் அக்கா மகன் வாயிலிருந்துதான் கேட்டேன். “அரைநொடின்னு ஒருத்தங்க இருக்காங்க சித்தி. வீடியோ வெட்டி ஒட்டித் தருவாங்க” என்றான். அரை நொடியில் வேலையை முடிக்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் கதையே வேறு. ஒரு மணப்பெண் திரும்பிப் பார்ப்பதில் அரை நொடி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று அதே இடத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்த பிறகு கல்யாண வீடியோ கைக்கு வந்த யாரோ வயிற்றெரிச்சலில் வைத்த பெயராம் அது.

டயர் கடைக்கு மேலே ஒரே அறை. கம்ப்யூட்டர், பழைய டிவி, டிவிடி பெட்டி. வீணாய்ப்போன டிவிடியை எறிய மாட்டாள். டீ கிளாஸுக்கு மூடியாக வைப்பாள். நடு ஓட்டை வழியாக ஆவி வந்துகொண்டிருக்கும். அது நிற்கும்போதுதான் டீ ஞாபகமே வரும். “ஆறிப்போச்சா?” என்று டீயிடமே கேட்டுவிட்டுக் குடிப்பாள்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. இடது கட்டைவிரலால் ரிமோட்டின் நடுவிலுள்ள வட்டப் பொத்தானை அமுக்குவாள், அவ்வளவுதான். அத்தானின் முகமும் குரலும் பழைய கல்யாண கேசட்டுகளில் மட்டுமே மிச்சம். முன்பு ஒரு கடையில் அவற்றை டிவிடியாக்கித் தந்தார்கள். போட்டால் இங்கிலீஷ் எழுத்தாக வந்து நிற்கும். நானாவது எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அக்காவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. மருமகள் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவருவாள். “ஒவ்வொரு தரமும் அந்தப் பொண்ணைக் கூப்பிடணுமா? வேண்டாம், அணைச்சிடுங்க” என்று குழறிச் சொல்லி, அக்கா பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

இதைச் சொன்னதும் அரைநொடி கேட்டது ஒன்றுதான். “யாரையும் கூப்பிடாம அவங்களாப் பாக்கணும். அதானேம்மா?”

அதற்கு எந்த சாப்ட்வேர் சரிப்படும் என்று தேட ஆரம்பித்தாள். தன் வலது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இடது கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தாள். ஒன்றில் திரை முழுக்கப் பூவாகக் கொட்டியது.

“இதையே எடுத்துக்கயேன், அழகா இருக்கே” என்றார் வாசலில் நின்ற அவள் கணவர்.

“பூ கொட்டும். கொட்டி முடிஞ்சதும் அங்கேயே நின்னுக்கும். அப்புறம் அந்தம்மா யாரைக் கூப்பிடுவாங்க, உங்களையா?”

இன்னொன்று எழுத்துக்குப் பதில் படம் வைக்க விடவில்லை. கடைசியில் பிடித்தது, கழுவாத பாத்திரம்போல் மங்கலாக ஒரு பழைய சாப்ட்வேர். “மூஞ்சிதான் இப்படி. ஆனா சொன்ன பேச்சு கேக்குதும்மா” என்றாள். டிவிடி ஓட ஆரம்பித்ததும் கல்யாணத்துக்கு ஒரு முகமாக வரும். ஒன்று பார்த்து முடிந்தால் அடுத்த முகம் தானே ஒளிரும். வட்டப் பொத்தானை அமுக்கினால் போதும். இந்த முகப்புக்கு மெனு என்று பெயராம். “ஓட்டல்லதான் மெனு பாத்திருக்கேன்” என்றேன். “இங்கயும் வேணுங்கிற ஆளைக் கேட்டு வாங்கிக்கலாம்” என்றாள்.

அக்கா மகள் கல்யாணத்துக்கு மகள் முகத்தை வைத்திருந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். “அக்கா அதுல மகளைத் தேட மாட்டா. அத்தானைத்தான் தேடுவா.”

“பொண்ணு மாப்பிள்ளையை விட்டுட்டு வேற ஆளைப் போட்டா ஊர்ல அடிக்க வருவாங்கம்மா!” என்று சிரித்தாள். ஆனால் கேசட்டை ஓட்டிக்கொண்டே போய், துண்டால் முகம் துடைத்தபடி அத்தான் பாதி திரும்பி நிற்கும் இடத்தில் நிறுத்தினாள். “இவரா?” “இவரேதான்” என்றேன்.

அந்த இடத்தில் அத்தான் பேசுவதை, முன்பு டிவிடி செய்தவர்கள் பாட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். இவள் பாட்டில்லாமல் கேசட்டில் இருந்த குரலையே வைத்தாள். “பேசுறதுக்கு முன்னாடி அரை நொடி சும்மா விட்டிருக்கேன். காது கொடுக்க நேரம் வேணும்ல?”

இப்போது காலையில் மருமகள் டிவியைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். முதல் நாள் நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். சத்தமே இல்லாமல் ஒரு கணம். பிறகு அத்தான், “நின்னுக்கிட்டே இருக்கியே, செத்த உக்காரேன்” என்றார். அடுக்களையிலிருந்து மருமகள், “மாமா குரலா அது?” என்று ஓடிவந்தாள். அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை. மறுபடி அமுக்கினாள்.

போன வாரம் நன்றி சொல்லப் போனேன். அரைநொடி அதே டயர் கடைக்கு மேலேதான் இருக்கிறாள். கண் தெரியாத ஒருவருக்கு டிவிடி போடுகிறாளாம். முகத்துக்குப் பதில் ஒவ்வொருவர் குரலையும் வைக்கிறாள். “உக்காருங்கம்மா, நீங்கதானே?” என்றாள். அவள் கண்கள் இறுக மூடியிருந்தன. விரல் ரிமோட்டின்மேல் பொத்தானைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.