சாயங்கால ஓ.பி.

மாமல்லபுரத்தில் நான் தையல் கடை போட்டது தொண்ணூறுகளின் நடுவில். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவள் நான். விடிந்தால் உளிச் சத்தம், கடைத்தெருவில் வெள்ளைக்காரர்கள், யாரைக் கேட்டாலும் ‘இன்னா’. ஊர் பிடிபடவே வெகுநாள் ஆனது. என் தமிழைக் கேட்டுச் சிரிக்காத ஆள் அங்கே கிடையாது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ஒரு மீன்கார அக்கா. என் கடைப் படியில் கூடையை இறக்கி வைத்துத் தண்ணீர் கேட்பாள். நான் ‘அவிய இன்னும் வரல’ என்று வீட்டுக்காரரைப் பற்றி ஏதாவது சொன்னால் போதும், அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டித் தெருவையே கூட்டிவிடுவாள். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு அவள் வராத நாளில் கடை வெறிச்சென்று இருந்தது.

ஒரு நாள் அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் கெளுத்தி முள் குத்திய புண். குத்தி வெகுநாள் ஆகியிருந்தது, ஆறவில்லை. ‘ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே அக்கா’ என்று நான் கேட்டதும் என்னைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

‘எப்ப போறது, சொல்லு? இருட்டுலயே கரைக்குப் போவணும். ஏலம் எடுக்கணும். தெருத்தெருவா வித்து முடிச்சிட்டு வந்தா மத்தியானம் தாண்டிப் போவுது. அங்க பன்னெண்டுக்கே பூட்டிகினு பூடுறாங்கோ.’

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தைத்தான் சொன்னாள். ஓ.பி., அதாவது புறநோயாளிகளைப் பார்ப்பது, காலையில் மட்டும்தான். அதற்குப் பிறகு பிரசவக் கேஸ் வந்தால் உண்டு, கட்டுப் போடுகிற அறைக்குக்கூடப் பூட்டு விழுந்துவிடும். கரையோரக் குப்பத்து மீன்காரப் பெண்கள் திரும்பி வருகிற நேரத்துக்கு அங்கே சீட்டுக் கொடுக்க ஆள் இருக்காது. விற்காத மீனை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கவும் முடியாது, வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும். சாயங்காலம் திறந்திருப்பது தனியார் கிளினிக்தான். அங்கே ஒரு ஊசி போட்டுக்கொண்டால் அன்றைய கூடை முழுக்க அதற்கே சரியாகிவிடும்.

நான் விடாமல் நச்சரித்ததால் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். அங்கே இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா, தினமும் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்ற வேண்டும், காலில் உப்புத் தண்ணீரும் மணலும் படக் கூடாது, விட்டால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டி வரும் என்று சொல்லி அனுப்பினார். மீன்காரிக்குச் சொல்கிற பத்தியமா இது!

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வியாபாரத்தை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் அவள் விற்றுவிட்டுத் திரும்பும்போது என் கடைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் உட்கார வைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் காலைக் கழுவி, வெளுத்த மல் துணியில் நானே கட்டுப் போட ஆரம்பித்தேன். எனக்கு வைத்தியம் தெரியாது. டாக்டரம்மா கொடுத்த மருந்தை அவர் சொன்னபடி தடவினேன், அவ்வளவுதான். இதெல்லாம் தாக்குப்பிடிக்காது என்று இரண்டு பேருக்குமே தெரியும். அந்தக் கால் பிழைக்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக் கதவு சாயங்காலம் திறக்க வேண்டும்.

வேறு யாராவது என்றால் தன் தலைவிதியை நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் அப்படித்தான். அக்கா குப்பத்து மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து, ‘எனக்கு மட்டுந்தான் இந்தப் பேஜாரா, உங்களுக்கும் கீதா?’ என்று கேட்டாளாம். கூடை சுமந்து சுமந்து கர்ப்பப்பை இறங்கினவள், வருஷக்கணக்கில் இருமுகிறவள், தலைசுற்றி ரோட்டில் விழுந்தவள் என்று ஒவ்வொருத்தியாக வாய் திறந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றவர்களுக்கே மற்றவளுடைய நோய் அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் ஓ.பி. வேண்டும் என்று கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். நேரில் பார்த்து விசாரிக்க ஒரு அதிகாரி வருவார் என்று தகவல் வந்தது.

அந்த வாரம் என் மிஷினுக்கு ஓய்வே இல்லை. குப்பத்துப் பெண்கள் வரிசையாக ரவிக்கைத் துணியோடு வந்தார்கள். அதிகாரியைப் பார்க்கப் போவதற்குப் பட்டுப் புடவையாம், அதற்குப் பொருத்தமாக ரவிக்கையாம். அவர்கள் பக்கத்தில் பெரிய மனிதரைப் பார்க்கப் போவதென்றால் கல்யாணத்துக்குப் போவதுபோல்தான் போவார்கள்.

‘பஸ்ல ஏறுனா கண்டக்டரு எறங்குன்றான். நம்மளப் பாத்தாலே மூக்க மூடுறாங்கோ. அன்னிக்கு ஒர்த்தனும் மூடக் கூடாது டைலரம்மா, ஆமா’ என்றாள் அக்கா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கைக்கு பார்டர் வைத்து ஜோராகத் தைத்துக் கொடுத்தேன்.

அதிகாரி வந்தது காலையில், ஓ.பி. நேரத்தில். குப்பமே அன்றைக்குக் கூடையைத் தொடவில்லை. தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்து, பட்டுச் சரசரக்க ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார்கள். நானும் கடையை அடைத்துவிட்டு என் ரவிக்கைகளைப் பார்க்கிற பெருமையில் போயிருந்தேன். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, சிரித்த முகம். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

‘காலையில வரவே முடியாதுன்னு மனுவில எழுதியிருக்கீங்க. இப்ப காலையிலதானே எல்லாரும் வந்திருக்கீங்க?’ என்றார்.

உங்களைப் பார்க்கத்தான் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை, வாய்க்கு அணை போடாத அக்காவுக்கும்கூட. ‘பார்த்தா எல்லாரும் வசதியாத்தான் தெரியறீங்க. அவசரம்னா தனியார்லயும் காட்டலாமே’ என்று வேறு சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

திரும்பி நடக்கும்போது பூ வாசனை மட்டும் கூடவே வந்தது. பாதி வழியில் அக்கா நின்றாள். ‘நம்ம வாயில நாமளே மண்ண அள்ளிப் போட்டுகினோம்’ என்றாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் கட்டுப் போட்ட காலைத் தூக்கி ஒரு மைல்கல் மேல் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள். ‘இனிமே குளிக்காமத்தான்டி போவணும்’ என்றாள்.

சொன்னபடியே செய்தாள். மறுநாளிலிருந்து விற்றுவிட்டுத் திரும்பும் பெண்கள் வீட்டுக்குப் போகாமல், காலிக் கூடையோடு நேராக ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். கோஷம் கிடையாது, கூச்சல் கிடையாது. அது அக்காவின் கண்டிப்பான உத்தரவு. ‘நோயாளி மாதிரி குந்திகினு இருங்கோ, போதும்’ என்றாள். பூட்டிய ஓ.பி. கதவுக்கு முன்னால் அலுமினியக் கூடைகள் வரிசையாக இருக்கும். முதலில் ஈ வந்தது, அப்புறம் காக்காய், அதற்கும் அப்புறம் எங்கிருந்தோ பூனைகள். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் அத்தனை பூனைகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நர்சுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா மட்டும் ஒரு நாள் செங்கல்பட்டு பஸ்ஸை விட்டுவிட்டு வந்து அவர்களோடு படியில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியிடமும் என்ன செய்கிறது என்று விசாரித்தார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை.

புகார் மேலே போய், அதே அதிகாரி மறுபடி வந்தார். இந்த முறை மத்தியான வெயிலில். இறங்கியதுமே கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது.

அக்கா எழுந்தாள். ‘காலையில குளிச்சிட்டு வந்தா வரமுடியுதேன்றீங்க. மத்தியானம் வேலை முடிச்சிட்டு வந்தா நாறுதுன்றீங்க. அப்ப எந்த நேரத்துலதான் சார் நாங்க நோயாளி?’

நான் கடையில் இருந்திருக்க வேண்டிய நேரம், ஆனால் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அதனால்தான் அந்தக் கேள்வியை என் காதாலேயே கேட்கக் கிடைத்தது. அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. ‘வாரத்துல ரெண்டு சாயங்காலம் நான் இருந்து பார்க்கிறேன் சார்’ என்றார். ஒரு மாதம் சோதனையாகப் பார்க்கலாம், கூட்டம் வரவில்லையென்றால் நிறுத்திவிடுவோம் என்று முடிவானது.

ஆரம்பிக்க இன்னும் சில நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் அக்கா என்னிடம் கட்டுப் போட வரவில்லை. ‘நர்சம்மாவே கட்டிவுடுது, நீ ரவிக்கையைப் பாரு’ என்று தெருவிலிருந்தே கத்திவிட்டுப் போனாள். ஆளைப் பார்த்தால் அவ்வளவு உற்சாகம். நானும் நிம்மதியாக இருந்தேன்.

முதல் சாயங்காலம் நான் சீக்கிரமே கடையை அடைத்துவிட்டுப் போனேன். சீட்டு வரிசை வாசலைத் தாண்டிப் புளியமரம் வரைக்கும் நின்றது. எங்கள் ஊர்க் குப்பம் மட்டும் இல்லை, கரையோரம் இருந்த மற்றக் குப்பத்துப் பெண்களும், கல்பட்டறையில் தூசி தின்று இருமுகிற ஆண்களும் வந்திருந்தார்கள். அக்கா எல்லாருக்கும் கடைசியில் நின்றாள். யார் வந்தாலும் தனக்கு முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். வந்த கூட்டத்தில் யாரும் பார்க்காமல் திரும்பிவிடக் கூடாதாம், அதற்குக் காவலாம்.

அவள் முறை வந்து, உள்ளே உட்கார்ந்து, டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். நான் பக்கத்தில் நின்றேன். அது நர்ஸ் போட்ட கட்டு இல்லை. கிழிந்த புடவைத் துணி, உள்ளே மணல். கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. டாக்டரம்மா உடனே செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தால், பார்த்து முடித்த பெண்கள் ஒருத்திகூட வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள்தான் அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அவர்கள் பேச்சிலிருந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சோதனை மாதத்தில் கூட்டம் குறைந்துவிடக் கூடாது என்று, அத்தனை நாளும் அந்தக் காலோடு மணலில் குப்பம் குப்பமாக நடந்து, வீடு வீடாக ஏறி ஆள் சேர்த்திருக்கிறாள்.

விரல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. வார்டில் போய்ப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ‘எங்கிட்டே ஏன் பொய் சொன்னீய? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே இங்க கூட்டிட்டு வந்திருப்பேன்லா?’ என்று சத்தம் போட்டேன்.

‘அதுக்குத்தான் சொல்லல’ என்றாள். ‘நீ இட்டாந்துட்டா வூடு வூடா யாரு போறது? நீயா? உன் தமிழு எவளுக்குப் புரியும்?’

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கூடையைத் தலையில் வைத்து நடக்கக் கட்டைவிரல் எவ்வளவு வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. ஊன்ற முடியாமல் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். தெரு வியாபாரம் அதோடு முடிந்தது. கரையிலேயே உட்கார்ந்து, ஏலம் முடிந்த கையோடு விற்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதாவது, அவளுக்கு இப்போது காலை ஓ.பி.க்குத் தாராளமாக நேரம் இருந்தது. சோதனை மாதம் முடிந்தும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, சாயங்கால ஓ.பி. அப்படியே நிலைத்துவிட்டது. அக்கா அதற்குத்தான் போனாள். சர்க்கரை மாத்திரை வாங்க, அந்த நீண்ட வரிசையில் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ‘காலையில போனா கூட்டமே இருக்காதே அக்கா, ஏன் இப்படிக் கிடந்து சாவுதீய?’ என்று கேட்டேன்.

‘நான் காலையில பூட்டா, சாயங்காலம் ஒரு தல கொறையும்ல’ என்றாள். சொல்லிவிட்டு, வரிசை நகர்ந்ததும் முன்னால் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள்.