கயிறும் தொடர்கதையும்

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவர் வேலை செய்யும் லட்சணத்தை ஒருநாள் நேரிலேயே பார்த்தேன். இப்போதே அறுந்து விழப்போகிறது என்ற நினைப்பிலேயே ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கினார். முடுக்கியதையே மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். முடிந்ததும் முதல் ஆளாக அதே லிஃப்டில் ஏறி, விசிலடித்துக்கொண்டு ஒன்பதாவது மாடிக்குப் போனார். இந்த மனுஷன் பயந்தாங்கொள்ளியா, தைரியசாலியா? அன்று பிடித்த சந்தேகம் என்னை விடவே இல்லை.

போன வருஷம் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிந்தது. முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். பார்வை வருமா என்று கேட்டால் பாதிக்குப் பாதி என்றார் டாக்டர்.

அக்கா கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, மாற்றுத் துணி எடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். அத்தான் சுவரில் ஆணியடித்து நைலான் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டிலில் தொடங்கி ஹால் வழியாகப் போனது. சமையலறை வாசலில் ஒரு முடிச்சு, பாத்ரூம் வாசலில் இரண்டு.

எனக்குச் சுருக்கென்றது. வாய் சும்மா இருக்குமா? "என்னத்தான் இது? கட்டு இன்னும் பிரிக்கவே இல்ல. அதுக்குள்ள அவளுக்குப் பார்வை வராதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"வராட்டி அவ தடுமாறக் கூடாதுல்ல."

"வாயைக் கழுவுங்க."

அவர் மேசையைக் காட்டினார். அக்கா ஒரு வாரம்கூட விடாமல் படித்துக்கொண்டிருந்த பத்திரிகைத் தொடர்கதை. அவளால் படிக்க முடியாமல் போனதிலிருந்து வந்த நாற்பத்தாறு அத்தியாயங்களையும் வெட்டி, ஊசி நூலால் தைத்து வைத்திருந்தார். நான் வாசித்துக் காட்டட்டுமா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "வேண்டாம், அவளே படிப்பா" என்று பத்திரிகையைப் பிடுங்கி வைத்துக்கொண்டவர் இவர்தான்.

"ரெண்டுல எதைத்தான் நம்பறீங்க?"

"கயிறு கட்டும்போது கயித்தை. தைக்கும்போது கதையை." சொல்லிவிட்டு அடுத்த ஆணியைத் தேடினார். ஆளை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். அக்கா இரண்டு மூன்று தடவை கண்ணைச் சிமிட்டினாள். பிறகு அத்தானைப் பார்த்து, "ஷேவ் பண்ணக்கூட நேரம் இல்லையா?" என்றாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

அழுத அழுகையில் கயிற்றைக் கழற்ற மறந்துபோனார். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா அதைத்தான் பார்த்தாள். முடிச்சுகளைப் பார்த்தாள். மனசொடிந்து போவாளோ என்று பயந்தேன். அவளோ கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து நாலடி நடந்தாள். கை அவள் காது வரைக்கும் தூக்கியிருந்தது. மனுஷன் தன் நெஞ்சு உயரத்துக்குக் கட்டியிருக்கிறார். போல்ட்டை மூன்று தடவை பார்க்கிறவர், பெண்டாட்டியின் உயரத்தை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

அத்தான் முகம் தொங்கிப்போனது. "கழட்டிடறேன்" என்றார்.

"எதுக்கு? இந்தப் பார்வை நிலைக்குதான்னு ஆறு மாசம் பார்க்கணும்னு டாக்டர் சொன்னாரே. இருக்கட்டும். கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க." சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த தொடர்கதையைக் கையில் எடுத்தாள்.

அத்தான் பென்சிலோடு வந்து, அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, முழங்கை உயரத்தில் கோடு போட்டார். அவள் நின்றபடியே முதல் பக்கத்தைப் பிரித்தாள்.