தானாக இடப்பக்கம் நகர்ந்தவள்

அன்றைக்கு அறையில் இருந்தவர்கள்: நான், என் அக்கா, அக்காவின் வீட்டுக்காரரான பாவா, திருவாலங்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து புரோகிராம் எழுதுகிற தம்பி, படம் வரைகிற பள்ளிப்பட்டுப் பெண். ஐந்து பேர். ஆறாவது ஆள் கிடையாது. "அந்தக் கருவிய யார் யார் தொட்டீங்க?" என்று சென்னைக் கம்பெனி பிற்பாடு கேட்டபோது நான் சொன்னதும் இதைத்தான். ஏதோ திருட்டுக் கேஸில் வாக்குமூலம் கொடுப்பதுபோல இருந்தது.

ஆயுத பூஜை நாள் அது. மாடி அறை, கீழே பாத்திரக் கடை. டிவியில் மாட்டி ஆடுகிற விளையாட்டு ஒன்றை, கையில் பிடித்து ஆடுகிற சின்னக் கருவிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது எங்கள் வேலை. தீயணைக்கிற பெண் ஒருத்தி, கையில் கோடாலியோடு எரிகிற கட்டடங்களின் மேல் ஓடுவாள், கூரைக்குக் கூரை தாவுவாள், தாழ்போட்ட கதவுகளை உடைப்பாள். டிவிக்கு மூன்று பாகம் வந்திருந்தது. அதைச் செய்த வெளிநாட்டுக்காரர்கள் மாற்றும் வேலையைச் சென்னைக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். கம்பெனி அதைக் குறைந்த விலைக்குப் பாவாவிடம் தள்ளிவிட்டது. திருத்தணியில் இப்படி ஒரு வேலை நடந்தது என்றால் யாரும் நம்புவதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, சம்பாதிக்கறதுக்கு இன்னா பண்றீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தேன். பாவா கூப்பிட்டார் என்று விட்டுவிட்டு வந்தேன். ஆடிப் பார்த்துக் குறை சொல்வது என் வேலை. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவனுக்குக் குறை கண்டுபிடிக்கச் சொல்லித் தரவா வேண்டும்?

டிவியில் அடுத்த கூரை எங்கே இருக்கிறது என்று தாவும் முன்பே தெரியும். சின்னத் திரையில் தெரியாது. எல்லாம் தெரியட்டும் என்று படத்தைச் சுருக்கினால் அவள் எறும்பாகிவிடுவாள். அவளைப் பெரிதாக்கினால் எங்கே தாவுகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. அதனால் ஒவ்வொரு கூரையையும் கிட்டே இழுத்தோம். நான் விழுந்து விழுந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்பேன். பள்ளிப்பட்டுப் பெண் மறுபடி வரைவாள். தம்பி மறுபடி எழுதுவான்.

தீபாவளிக்கு முன்னால் முதல் பாகத்தைக் கொடுக்க வேண்டும். கம்பெனி ஒப்புக்கொண்டால்தான் பணம், அடுத்த இரண்டு பாகங்களும் எங்களுக்கே. அந்தப் பணத்துக்குள்தான் என் ஐந்து மாதச் சம்பளம் இருந்தது. "ஒத்துக்கலன்னா, பாவா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"மொதல்ல போய் வாயக் கழுவினு வா மச்சான்" என்றார்.

ஆடிப் பார்க்கக் கம்பெனி ஒரே ஒரு கருவிதான் கொடுத்திருந்தது. அவர்கள் சொத்து. திருகாணி மேல் சீல் ஒட்டியிருக்கும். பூஜையன்று அதையும் கம்ப்யூட்டர்களோடு சேர்த்து வாழையிலையில் வைத்தார்கள். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"அக்கா, ஸ்க்ரீன்ல வெக்காத. கறை புடிச்சிக்கும்."

"எனக்குத் தெரியாதாடா? துணி போட்டு மூடிட்டுதான வெக்கறேன்."

"பின்னாடி கூட வேணாங்கா. அடுத்தவங்க பொருளு."

பாவாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "டேய், பஸ்ஸுக்கு வெக்கறான், ஆட்டோவுக்கு வெக்கறான், கீழ தராசுக்கு வெச்சிருக்கான். நமக்குச் சோறு போடறது இதுதான? இத உட்டுட்டா மலை மேல கீறவர் சும்மா இருப்பாரா?"

"அந்த அண்ணாவுக்கும் ஒரு பொட்டு வெய்ங்க அக்கா, பயம் தெளியட்டும்" என்றாள் பள்ளிப்பட்டுப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என் நெற்றியிலும் அழுத்தி ஒன்று வைத்தாள்.

திரையை என் கைக்குட்டையால் மூடினேன். திரைக்குப் பக்கத்தில், கட்டைவிரலால் தள்ளுகிற குமிழ் வெளியேதான் இருந்தது. அதை மூட வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. அக்கா சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கடைசியில் அட்சதையோடு ஒரு சிட்டிகைக் குங்குமத்தை எல்லாவற்றின் மேலும் தூவினாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் வரை தொடக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுப் போனோம்.

அந்த வாரமே தீயணைக்கிறவள் தானாக நகர ஆரம்பித்தாள். கூரை நடுவில் நிறுத்திவைத்தால், யாரோ கூப்பிட்ட மாதிரி மெல்ல மெல்ல இடப்பக்கம் நடந்து போய்க் கீழே விழுந்தாள். நான் சொன்னேன்.

"உன் கை நடுங்குதுடா மச்சான்" என்றார் பாவா.

கருவியை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கிக் காட்டினேன். அவள் நடந்தாள், விழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

கம்ப்யூட்டரில் ஆடினால் நேராக நின்றாள். கருவியில்தான் நகர்ந்தாள். ஆகவே கருவிக்கென்று எழுதிய பகுதியில்தான் தப்பு என்று முடிவு கட்டித் தம்பி தேடினான், தேடினான், சாப்பாட்டை மறந்து தேடினான். அக்கா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். கருவி கெட்டிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? புதுசு. கம்பெனி கொடுத்தது. பூஜை வேறு போட்டிருக்கிறோம்.

கடைசியில் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். குமிழைப் பாதி தூரம் தள்ளுகிற வரைக்கும் அதைக் கணக்கிலேயே எடுக்காதே என்று எழுதிவிட்டான். அவள் நின்றாள். பாவா எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

"லேட்டா கெளம்பறாப்பா" என்றேன், கையைக் கழுவிக்கொண்டே.

"ண்ணா, நடந்தாலும் தப்பு, நின்னாலும் தப்பா? உங்களுக்குப் பொண்ணு கெடைக்காதது ஆச்சரியமே இல்ல" என்றான் தம்பி.

அதற்கப்புறம் என் கட்டைவிரல் பழகிவிட்டது. கொஞ்சம் முன்னாலேயே தள்ளக் கற்றுக்கொண்டது. லேட்டாகக் கிளம்புவது எனக்கே தெரியாமல் போயிற்று. முதல் பாகத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தோம்.

கம்பெனிக்காரர் போனில் கூப்பிட்டார். பாவா ஸ்பீக்கரில் போட்டார். "இன்னாங்க இது, முழங்கால் தண்ணியில நடக்கற மாதிரி நடக்கறா? நாங்க நாலு கருவியில போட்டுப் பாத்துட்டோம். நாலுலயும் அப்படித்தான். கருவிய எடுத்துக்கினு வாங்க."

நானும் பாவாவும் முதல் ரயிலில் போனோம். இடம் கிடைத்தும் பாவா வாசலிலேயே நின்றுகொண்டு வந்தார்.

கம்பெனிக்காரர் எங்கள் முன்னாலேயே சீலைக் கிழித்துக் கருவியைத் திறக்கச் சொன்னார். குமிழுக்கு அடியில் சிவப்பாக அப்பியிருந்தது. யாரும் தொடாமலே அவளை இடப்பக்கம் தள்ளியது அதுதான்.

"இன்னா சார் இது, மொளகாத்தூளா?"

"குங்குமம் சார்" என்றார் பாவா. "ஆயுத பூஜை..."

அறையில் சிரிப்பு. ஒருவன் செல்போனில் படம் எடுத்தான். யார் யார் தொட்டீர்கள் என்று கேட்டது அப்போதுதான். பதில் சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கினேன். அவர் கம்ப்யூட்டரின் மேல் ஓரத்தில், அதே ஆயுத பூஜையின் சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். சட்டென்று போனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தார்.

"புரோகிராம்ல அந்த ஒரு எடத்த மாத்தினா போதும் சார். தம்பிய இட்டாறேன், அஞ்சு நிமிஷ வேல" என்றார் பாவா. ஊரில் யாரிடமும் அந்தக் குரலில் அவர் பேசியதில்லை.

"வேணாங்க. இனிமே நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள். சில மாதத்தில் விளையாட்டு வெளியே வந்தது. யாரோ ஆடுகிற வீடியோவைப் போனில் பார்த்தேன். நான் எங்கே இழுக்கச் சொன்னேனோ அங்கேயே இருந்தன கூரைகள். அவள் சுறுசுறுப்பாக ஓடினாள். பள்ளிப்பட்டுப் பெண் போன் செய்தாள்.

"ண்ணா, மூணாவது கட்டடம் பாத்தீங்களா? கொடியில நான் வரைஞ்சு காய வெச்ச கட்டம் போட்ட லுங்கி அப்டியே தொங்குது. அதக்கூட எடுக்கல அவனுங்க." சிரித்தாள். பிறகு, "நம்ம பேரு எங்கனா வருதா ண்ணா?" என்றாள்.

முடிவில் பெயர்கள் ஓடின. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "இல்லம்மா" என்றேன்.

அவள் இப்போது பேனர் கடையில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வரைகிறாள். தம்பி பெங்களூர் போய்விட்டான். அடுத்த இரண்டு பாகங்களை யார் செய்கிறார்களோ தெரியாது. நான் பழைய ரிப்பேர் கடைக்கே திரும்பிவிட்டேன், முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. "வந்துட்டியா? வருவன்னு தெரியும்" என்றார் முதலாளி.

பாவாவிடம் சம்பளம் கேட்டால், "எனக்கு வந்தாத்தானடா உனக்கு?" என்கிறார். அது நியாயம்தான். அக்கா நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேருக்கும் சோறு போடுகிறாள், யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அதனால் நானே கம்பெனிக்குப் போன் செய்கிறேன். கணக்குப் பிரிவில் ஒரு பெண் எடுப்பார். மரியாதையாகத்தான் பேசுவார். "வேலைய முழுசா முடிச்சுக் குடுக்கலன்னு போட்டிருக்கு சார். மேல கேட்டிருக்கோம் சார்." வேலை முடியவில்லை என்றால் எதைக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்க ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பேன். கேட்டால் வரவேண்டியதும் வராமல் போய்விடுமோ என்று பயந்து, "சரிங்க மேடம்" என்று வைத்துவிடுவேன். போன வாரம் அவரே ஒரு தகவல் சொன்னார். கெட்டுப்போன கருவிக்கான விலையை மட்டும் அப்போதே கழித்துவிட்டார்களாம், அதில் தாமதம் இல்லை. அது போக எங்களுக்கு இன்னும் வரவேண்டியது இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய்.