வேட்டி மடியில் காசுச் சத்தம்

இருபது வருடமாக என் கணவர் என்னை வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இறக்கிவிட்டு, கார் தரிப்பிடத்திலேயே ஹீற்றரைப் போட்டு, தமிழ் வானொலியையும் போட்டு, சீற்றைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு கிடப்பார். உள்ளே வரச் சொன்னால், "பிள்ளையார் எல்லா இடமும் இருக்கிறார், பார்க்கிங்கிலயும் இருக்கிறார்" என்பார். நான் திருநீறு கொண்டுவந்து கார்க் கண்ணாடிக்குள்ளால் நீட்டுவேன். மறுக்காமல் பூசிக்கொள்வார். அதில் குறை சொல்லக் கூடாது.

இந்த மனிதரை ஒரு நாளாவது உள்ளே கூப்பிடப்பா என்று நான் பிள்ளையாரிடம் கேட்காத வெள்ளி இல்லை. அவரும் கூப்பிட்டார். எந்த வழியால் கூப்பிட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

போன விண்டர் தொடங்கும்போது எங்கள் குடும்ப டொக்டர் இவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். மூன்று மாதத்துக்குள் சீனி இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார். இவருடைய தமையனாருக்குச் சீனி வருத்தத்தால் ஒரு பாதத்தையே எடுத்தவர்கள். அவருக்கும் ஊசியில்தான் தொடங்கியது. அன்றைக்குக் காரில் வீடு வரும்வரை இவர் வானொலியைப் போடவில்லை. அதில்தான் மனுசன் பயந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

பயந்தவர் நடந்தாரா என்றால், அதுதான் இல்லை. வெளியே பனி. நிலவறையில் இருக்கிற நடைமெஷினில் என் சேலைகள் காய்கின்றன. மோல் கடைத்தொகுதிக்குள் போய் நடக்கிறேன் என்று இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் அவருடைய மேல்சட்டையில் டோனட் சீனி ஒட்டியிருந்தது.

கடைசியில் விட்பி நகரில் இருக்கிற எங்கள் மகள் வந்துதான் ஒரு வழி சொன்னாள். இவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அந்த வேலையின் காப்புறுதியோடு ஃபோனில் ஒரு விளையாட்டு அப் இருக்கிறதாம். முதலில் நாங்கள் கொஞ்சக் காசு கட்டிவைக்க வேண்டும். தினமும் சொன்ன அளவு நேரம் விறுவிறென்று நடந்தால் கட்டின காசும் வரும், மேலதிகமாகக் கடைக் கூப்பனும் வரும். தவறினால் அந்தக் கிழமைக் காசு போய்விடும்.

"அப்பா, இட்ஸ் ஃப்ரீ மணி. நடந்தாச் சரி."

"ஃப்ரீ எண்டால் ஏன் முதல் என்ர காசைக் கேக்கிறாங்கள்?"

"தட்ஸ் த கேம், அப்பா!"

வெங்காயம் எங்கே மலிவு என்று கடை விளம்பரத் தாள்களைப் பார்த்து மூன்று கடைக்குக் கார் ஓட்டுகிற மனிதர் இவர். டொக்டர் சொல்லி அசையாதவர், நான் அழுதும் அசையாதவர், கூப்பன் என்றதும் எழும்பினார். எழும்பி, "இஞ்சேரும், உங்கட கோயில் உள்வீதி சூடாத்தானே இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் அவருடைய பட்டு வேட்டியை எடுத்து ஸ்திரி போடத் தொடங்கினேன். பாதி வேட்டிக்கு ஸ்திரி போட்ட பிறகுதான் விசயத்தைச் சொன்னார். கோயிலில் சூடு இருக்கிறது, நடக்க வட்டம் இருக்கிறது, வாங்கித் தின்ன ஒன்றும் இல்லை.

"பிள்ளையாரைச் சுத்திப்போட்டுக் காசு வாங்கப் போறியளோ? வெக்கமில்லையோ?"

"அவரே அப்பா அம்மாவைச் சுத்திப்போட்டு மாம்பழம் வாங்கின ஆள். அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

மிச்ச வேட்டியையும் ஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் கோயில் ஒரு காலத்தில் சாமான் களஞ்சியமாக இருந்த கட்டடம். இந்தப் பக்கம் கார் திருத்துகிற இடம், அந்தப் பக்கம் ஓடு விற்கிற கடை. உள்வீதி என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்வது, சந்நிதிகளுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற நடைபாதையை. பின்னேர பஸ்ஸை விட்டுவிட்டு வந்து, சேட்டைக் கழற்றி, ஃபோனை வேட்டி மடிக்குள் செருகி, அதற்கு மேலே சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு இவர் தினமும் அதில் சுற்றத் தொடங்கினார். சுற்றினார் என்பதா, ஓட்டமும் நடையும் என்பதா. நான் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க முன்னம் இரண்டு தரம் என்னைக் கடந்து போவார். கும்பிடுகிற கையைக்கூட வேகத்துக்கு வீசினார்.

அந்த நாளின் நடை முடிந்தால் அந்த அப் காசு கொட்டுகிற மாதிரிச் சத்தம் போடும். ஒரு நாள் தீபாராதனை நேரத்தில் இவருடைய இடுப்பிலிருந்து கலகலவென்று கொட்டியது. பக்கத்தில் நின்ற ஒருவர் உண்டியலைத் திரும்பிப் பார்த்தார். யாரோ அள்ளிப் போடுகிறார்கள் என்று நினைத்தாராக்கும், அவரும் பேர்ஸை எடுத்து ஒரு தாளைப் போட்டார். கோயிலுக்கு அந்த விளையாட்டு அப்பினால் வந்த வருமானம் அது ஒன்றுதான்.

சனங்கள் சும்மா இருப்பார்களா? இருபது வருடம் காருக்குள் கிடந்த மனிதர் தினமும் வந்து இப்படிச் சுற்றினால், அது பெரிய வேண்டுதலாகத்தான் இருக்க வேண்டும். செருப்பு வைக்கிற இடத்தில் ஒரு அக்கா என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, மறைக்காமல் சொல்லும். சனி மாற்றமோ? இல்லாட்டி வீட்டு மோர்கேஜ் கடனோ?"

கோயிலில் நின்று பொய் சொல்லக் கூடாது. "அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா, அவற்ற உடம்புக்குத்தான்" என்றேன்.

"ஐயோ, உடம்புக்கோ! அதுதான் மனுசன் இப்பிடி இளைச்சுப் போனார்!"

உண்மையைச் சொன்னது வினையாகிவிட்டது. இளைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார், இளைத்தார். எங்கள் ஆட்களுக்கோ இளைத்தால் அது துக்கம். அடுத்த கிழமையிலிருந்து "அண்ணைக்குக் குடும், பாவம்" என்று லட்டும் மோதகமும் வரத் தொடங்கின. சீனியைக் குறைக்கச் சுற்றப் போன மனிதருக்குச் சுற்றச் சுற்றச் சீனி வந்தது. எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன். பிரசாதத்தை வீசலாமா? இப்போது என் சேலைச் சட்டைகள் இறுக்கம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு அன்ரி வந்தார். எழுபது தாண்டியவர், முழங்கால் நோ. அவருடைய மகன் மூளையில் இரத்தம் கசிந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், இவர் கடந்து போகும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்களைப் பாத்துத்தான் நானும் சுத்துவமெண்டு வந்தனான். மற்ற எல்லாரும் ஃபோனை நோண்டிக்கொண்டு நிக்கினம். நீங்கள் ஒராள்தான் அதைத் தொடாமல் சாமியையே நினைச்சுச் சுத்துறியள். என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ ராசா."

இவர் சால்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார். பிறகு நடந்தார். அன்ரி ஒரு அடி வைப்பார், நிற்பார், "பிள்ளையாரப்பா" என்பார், அடுத்த அடி வைப்பார். ஒரு சுற்று முடிய இவருக்கு வியர்த்திருந்தது. நடந்ததால் வியர்க்கவில்லை. மடிக்குள் ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து, வேகம் போதாது, வேகம் போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அன்ரி தினமும் வந்தார். தினமும் அதே முழங்கை. அந்தக் கிழமைக் காசு போய்விட்டது. காரில் ஏறினோம், இவர் வானொலியைப் போடவில்லை. இனி வரமாட்டார், நடக்கவும் மாட்டார், அந்த ஊசிதான் என்று நினைத்தேன். அன்ரியைப் பிடித்துக்கொண்டு நடக்க நான் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அந்த மனுசியின்ர கையை எப்பிடியப்பா உதறுறது?" என்று இவரே தொடங்கினார். "நாளைக்கு வெள்ளன வெளிக்கிடுவம். பஸ்ஸை விட்டிட்டு நேர கோயில். அன்ரி வர முதல் என்ர ஓட்டத்தை முடிச்சுப்போடுறன்."

அப்படித்தான் நடந்தது. முதலில் ஃபோனுக்காக ஒரு ஓட்டம். சத்தம் வந்ததும் ஃபோனைக் கொண்டுபோய்க் குளிர்க் கோட்டின் பைக்குள் வைப்பார். பிறகு வாசலில் நின்று அன்ரிக்கு முழங்கையை நீட்டுவார். அந்தச் சுற்றுகளுக்குக் கூப்பன் இல்லை. "இதெல்லாம் கணக்கில ஏறாது" என்று என்னிடம் முறைப்பட்டுக்கொண்டே சுற்றினார்.

மூன்று மாதம் முடிந்து டொக்டரிடம் போனோம். சீனி இறங்கியிருந்தது. பெரிதாக இல்லை, ஆனால் ஊசி இப்போதைக்கு வேண்டாம், இப்படியே நடவுங்கோ என்றார். பனி கரையும்போது அந்த விளையாட்டும் முடிந்தது. கூப்பனுக்கு வெங்காயம் வாங்கினார். இனிக் கோயிலுக்குள் நான் தனியேதான் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். அடுத்த நாள் பின்னேரம் பார்த்தால் எனக்கு முதல் வேட்டியோடு நிற்கிறார். "அன்ரி பாத்துக்கொண்டு நிப்பா."

இவரை உள்ளே கூப்பிடு என்று கேட்டேனே தவிர, எத்தனை மணிக்கு வெளியே விட வேண்டும் என்று நான் பிள்ளையாரிடம் சொல்லவில்லை. ஒரு நாள் நின்று நின்று கால் உளைந்து, வீட்டில் சோறும் போடவில்லையே என்ற கவலையோடு காருக்குள் போய் ஏறினேன். இன்னும் குளிர்தான். ஹீற்றரைப் போட்டேன். வானொலியையும் போட்டேன். சீற்றைச் சாய்த்தால் நல்ல சுகமாகத்தான் இருந்தது, இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கண்ணாடியில் தட்டிய சத்தத்துக்கு விழித்தேன். இவர் உள்ளங்கையில் திருநீற்றோடு நின்றார். கண்ணாடியை இறக்கினேன்.

"அன்ரியின்ர மகன் இண்டைக்குக் கண்ணைத் திறந்தவனாம். அன்ரி அழுதபடி சுத்தினவ, அதுதான் சுணங்கிப்போச்சு. இந்தாரும், பூசும்."

பூசிக்கொண்டேன். இவர் சுற்றிவந்து ஓட்டுகிற பக்கம் ஏறி, முன்னால் இருக்கிற பெற்றோல் முள்ளைப் பார்த்தார்.

"இஞ்சேரும், இப்பிடி ஹீற்றரைப் போட்டுக்கொண்டு கிடந்தால் காஸ் என்னத்துக்கு ஆகும்?"