ஏட்டய்யாவுக்கு ஒரு நாற்காலி

சிமெண்டுத் தரையில் இரும்பு மடக்கு நாற்காலியை இழுக்கும்போது எழுகிற கிறீச்சென்ற சத்தம் பலருக்குப் பல்லைக் கூசவைக்கும். எனக்கோ அது சினிமா தொடங்கப் போகிறது என்பதற்கான மணி. மதுரையில், மகாலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், சுங்குடிச் சேலைக் கடைக்கு மேலே இருந்த நீளமான மாடி அறையில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தச் சத்தம் கேட்கும். கீழேயிருந்து புதுச் சேலையின் கஞ்சி வாடையும், புரொஜக்டர் விளக்கில் தூசி கருகுகிற வாடையும் கலந்து வரும். ஜன்னல்களில் பழைய போர்வைகளைக் கட்டி அறையை இருட்டாக்கியிருப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில், நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டுப் படங்களையெல்லாம் அங்கேதான் பார்த்தேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டாரின் கலை ஆர்வம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் அப்பா போலீஸ்காரர். அந்தத் திரைப்படச் சங்கத்தைக் கண்காணிப்பது அவருடைய வேலை.

சங்கத்தை நடத்தியவர்கள் சிவப்புக் கொடிக்காரர்கள், அல்லது ஒரு காலத்தில் அப்படி இருந்தவர்கள். அதனால் அங்கே யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள், எவ்வளவு கூட்டம் என்று எழுதிக் கொடுக்க உளவுப் பிரிவிலிருந்து ஓர் ஏட்டு போக வேண்டும். சினிமாவில் காட்டுகிற மாதிரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒளிந்து நின்று பார்ப்பதெல்லாம் எங்கள் ஊரில் கிடையாது. சங்கத்தின் செயலாளர் மோதிலால்தான் அந்தச் சேலைக் கடையின் முதலாளி. வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் மதுரைத் தமிழும் பேசுகிற, மெலிந்த, சிரித்த முகமுள்ள மனிதர். வெள்ளிக்கிழமையே அப்பாவுக்குப் போன் செய்து, "ஏட்டய்யா, இந்த வாரம் ரஷ்யப் படம், வந்துருங்க" என்று சொல்லிவிடுவார். போனதும் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி விரித்துப் போடப்பட்டிருக்கும். அதில் வேறு யாராவது உட்காரப் போனால், "அது ஏட்டய்யா நாற்காலி" என்று எழுப்பிவிடுவார். இடைவேளையில் டீ வரும், படம் முடிந்ததும் கதைச் சுருக்கமும் வரும். வேவு பார்க்க வருகிறவருக்கு வெற்றிலை பாக்கு வைக்காததுதான் குறை.

அந்த நாற்காலி அப்பாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். அவருடைய அப்பா பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர். "எங்கய்யா ஒருத்தர் முன்னாடியும் உக்காந்து பேசுனதில்ல" என்று அப்பா எப்போதாவது சொல்வார், அதற்கு மேல் சொல்லமாட்டார். போலீஸில் சேர்ந்த பிறகும் காக்கிச் சட்டை போட்டால் நிற்கத்தான் வேண்டும். வருகிற போகிற அதிகாரிக்கெல்லாம் விறைத்து நிற்க வேண்டும். உளவுப் பிரிவுக்கு வந்து வேட்டி சட்டைக்கு மாறியபின்தான் போகிற இடத்திலெல்லாம் உட்காரச் சொன்னார்கள். "மப்டின்னா உக்காரலாம்" என்பது அவருடைய உத்தியோகத் தத்துவம். இன்னொரு தத்துவமும் உண்டு: "இருக்கிறத எழுதுவேன், இல்லாதத எழுதமாட்டேன்." உதடுகளை மட்டும் அசைத்துக் கூட்டத்தை எண்ணும்போது தன்னையும் என்னையும் விட்டுவிட்டுத்தான் எண்ணுவார். "நான் டூட்டி, நீ என் கூட வந்தவ" என்பார்.

நான் கூடப் போனதற்குக் காரணம், படத்தின் அடியில் ஓடுகிற ஆங்கில எழுத்து. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, மோதிலாலின் கதைச் சுருக்கத்திலோ எந்தப் படமாக இருந்தாலும் கடைசியில் பாட்டாளிகள்தான் ஜெயிப்பார்கள். "கான்வென்டுல படிக்கிறேல்ல, வந்து வாசிச்சுச் சொல்லு" என்று அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். நான் அவர் காதில் முணுமுணுப்பேன். பாதி எனக்கே புரியாது, புரிந்த பாதியைச் சொல்வேன்.

சோவியத் நாடு கலைந்துபோன பிறகு சங்கமும் தேயத் தொடங்கியது. கேபிள் டிவி வேறு வந்துவிட்டது. ஐம்பது அறுபது பேர் வந்த இடத்தில் பத்துப் பேர் வந்தார்கள். அதிலும் இரண்டு பேர் தூங்குவார்கள். இந்த நேரம் பார்த்து அப்பாவின் பிரிவுக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்தார். அறிக்கைகளைப் புரட்டியவர், "பத்துப் பேரு பாக்குற படத்துக்கு ஒரு ஏட்டு எதுக்குயா? அடுத்த கூட்டமும் இப்படித்தான்னா, காக்கிய மாட்டிக்கிட்டு ட்ராபிக்குக்குப் போயிரு" என்று சொல்லிவிட்டார். அப்பா அன்று வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னார். அம்மா இரும்புப் பெட்டியிலிருந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்து உதறிப் பார்த்தார். வயிற்றருகே பொத்தான் எட்டாது என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

எங்களுடைய போலீஸ் குடியிருப்பில் அடுத்த வீட்டுக்காரர் மாயாண்டி மாமா, ஆயுதப்படையில் டிரைவர். அவர்தான் எளிய வழியைச் சொன்னார். "அம்பதுன்னு எழுதுங்கண்ணே. எவன் வந்து எண்ணப் போறான்?" வேறு யாராக இருந்தாலும் எழுதியிருப்பார்கள். அப்பா, "இல்லாத ஆள எப்படிடா எழுதுறது?" என்றார். இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒரு போலீஸ்காரரும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தார். குடியிருப்பில் வீடு வீடாகப் போய், "ஞாயித்துக்கிழம போலீஸ் படம் போடுறாங்க, வெளிநாட்டுப் படம், டிக்கெட் கெடையாது, எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டார். தான் கண்காணிக்க வேண்டிய கூட்டத்துக்கு அவரே ஆள் சேர்த்தார்.

அது போலந்து நாட்டுப் படம், நிஜமாகவே போலீஸ் படம்தான். அந்த ஞாயிறு மாயாண்டி மாமா தலைமையில் காவலர் குடும்பங்கள் போலீஸ் வேனில் வந்து இறங்கியபோது மோதிலாலின் முகத்தில் முதலில் கிலி, அப்புறம் சந்தேகம், கடைசியில் மகிழ்ச்சி. ரெய்டு இல்லை, ரசிகர்கள் என்று தெரிந்ததும் கடையிலிருந்து கட்டைப் பெஞ்சு, ஸ்டூல், ஜமக்காளம் எல்லாம் மேலே வந்தன. ஏட்டய்யா நாற்காலி மட்டும் அதே இடத்தில் இருந்தது.

படத்தில் அந்த நாட்டின் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்துவிடுகிறது. பழைய ஆட்சிக்கு உளவு வேலை பார்த்த போலீஸ்காரர்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் கூப்பிடுகிறார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். எதிரே ஒரு நாற்காலி. நான் வழக்கம்போல் அப்பாவின் காதில் சொல்லத் தொடங்கினேன். பின்னாலிருந்து, "பாப்பா, எங்களுக்கும் கேக்குற மாதிரிச் சொல்லு" என்றது ஒரு குரல். மோதிலால் என் கையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். அன்றைக்குப் படம் முழுவதும் நான் நின்றுகொண்டே உரக்கச் சொன்னேன். துப்பாக்கி சுடும் இடங்களில் விசில் பறந்தது, என் குரல் எடுபடவில்லை.

அந்த மூவர் கேள்வி கேட்கும் இடத்தில் விசில் நின்றது. "நீ யாரைப் பற்றியெல்லாம் எழுதினாய் என்று கேட்கிறார்கள்" என்றேன். "எழுதச் சொன்னாங்க, எழுதினேன் என்று சொல்கிறான்." அந்தக் கதாநாயகனை மன்னித்து, உளவு வேலையிலிருந்து எடுத்து, காணாமல் போன கார்களைத் தேடும் சாதாரண ஸ்டேஷனில் போடுகிறார்கள். நேற்றுவரை அவனைக் கண்டு நடுங்கியவர்கள் எதிரே நின்று சிரிக்கிறார்கள். அவனோ, வேலை முடிந்த பிறகு, தான் முன்பு கண்காணித்த ஓர் ஆளின் வீட்டுக்கு எதிரே போய்ப் பழக்கதோஷத்தில் நிற்கிறான். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. விளக்கு போட்டதும் நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அப்பா இன்னும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய ஆலைத் தொழிலாளி ஒருவர், "நம்ம வீட்டு எழவ நம்மளே பாய் விரிச்சு உக்காந்து பாத்திருக்கோம்" என்று மோதிலாலைத் திட்டிவிட்டுப் படியிறங்கினார். மாயாண்டி மாமாவின் கவலை வேறு. "நம்மளயும் இப்படிக் கூப்புட்டுக் கேட்டா என்னண்ணே சொல்றது?" என்றார். அப்பா, "இங்க கேக்க மாட்டாங்கடா. கொடிதான் மாறும், பைலு மாறாது" என்றார். பிறகு எண்ணத் தொடங்கினார். மாயாண்டி மாமாவின் கைக்குழந்தையை எண்ணலாமா கூடாதா என்று சற்று நேரம் யோசித்து, அது தூங்கிவிட்டது என்பதால் விட்டுவிட்டார். எண்ணியதை எண்ணியபடி எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் கேட்டது எண்ணிக்கையை மட்டும்தான், வந்தவர்கள் யார் என்று கேட்கவில்லை. கேட்காததை அவர் எழுதவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் அறிக்கையைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாராம். "இம்புட்டுக் கூட்டமா? அப்ப இது ஏட்டு பாக்குற கேசு இல்லயே!" என்று சொல்லி, ஆங்கிலம் தெரிந்த இளம் எஸ்.ஐ. ஒருவரை அந்தச் சங்கத்துக்கு நியமித்தார். அப்பாவைக் காக்கிக்கு அனுப்பினார். உண்மையை எழுதியதற்கு என் அப்பாவுக்குக் கிடைத்த பரிசு அது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பா கோபப்படவில்லை, தையற்காரரிடம் போய்ச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். எஸ்.ஐ. அடுத்த மாதம் போனபோது எட்டுப் பேர் இருந்தார்களாம். சில மாதங்களில் சங்கம் தானாகவே நின்றுபோனது.

அந்தத் தை மாதம் வண்டியூர் தெப்பத்துக்கு அம்மாவும் நானும் போயிருந்தோம். குளக்கரையில், கயிறு கட்டிய இடத்தில், புதுக் காக்கியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். மத்தியானத்திலிருந்து நிற்கிறார் என்று கால்களைப் பார்த்தாலே தெரிந்தது. கூட்டத்தில் குடும்பத்தோடு வந்த மோதிலால் அவரைப் பார்த்துவிட்டார். நேரே பக்கத்துக் கரும்புச்சாறு கடைக்குப் போய், ஒரு மடக்கு நாற்காலியைக் கேட்டு வாங்கிவந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டார்.

"உக்காருங்க ஏட்டய்யா."

"டூட்டிங்க. உக்காரக் கூடாது."

"அப்ப இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மோதிலால் போய்விட்டார். தெப்பம் சுற்றி முடியும்வரை அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. அப்பா ஒரு கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது, அம்மா பார்த்துவிடக் கூடாதென்று தெப்பத்தைப் பார்த்தேன்.

இப்போது அந்த மாடி அறை செல்போன் உறைகள் அடுக்கிய கிடங்காகிவிட்டது. மடக்கு நாற்காலிகள் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன, அவற்றை இழுத்தால் சத்தமே வருவதில்லை. எந்த நாட்டுப் படமும் போனில் கிடைக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை என்பதால், யாரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து எண்ண வேண்டியதும் இல்லை. அப்பா ஓய்வுபெற்றுக் கோச்சடையில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்.

போன வருடம் மோதிலால் இறந்துபோனார். வெளிநாட்டிலிருந்த மகனால் வர முடியவில்லை. கடை கைமாறி வெகுநாளாகியிருந்தது. கூட இருந்த தோழர்கள் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். நான்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சந்தில் பந்தல் போட்டு வரிசை வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள், பெரும்பாலானவை காலி. அப்பா கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அவருடைய உதடுகள் அசைவதைப் பார்த்தேன், பழைய பழக்கம். தூக்குவதற்கு ஆள் பற்றாமல் பக்கத்துக் கடைப் பையன்களைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பா குளித்துவிட்டு வந்ததும், முட்டுவலியால் வர முடியாமல் போன அம்மா, சாவுக்குக் கூட்டம் உண்டா என்று கேட்டார்.

"நல்ல கூட்டம்" என்றார் அப்பா.

"எம்புட்டுப் பேரு இருக்கும்?"

அப்பா என்னைப் பார்க்காமல் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"எண்ண முடியல" என்றார்.