முன்வரிசை நாற்காலி

லண்டன் ஈஸ்ட் ஹாம் நூலகத்தில் ஹாலோவீனுக்குப் பேய்க்கதை வாசித்த பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்தவர், கறுப்புச் சால்வை. பக்கம் புரட்டுமுன் விரல்நுனியை ஊதுவார். கேட்க இருபத்திரண்டு பேர் இருந்தோம். இருபத்து மூன்றாவதாகக் கைத்தடியோடு வந்தவருக்கு இடமில்லையே என்று பதறி, முன்வரிசையில் காலியாயிருந்த நாற்காலியை இழுத்தேன்.

“அதை எடுக்காதேங்கோ, ஐயா,” என்றார் கதை வாசிக்க வந்த அந்தப் பெண்.

“ஏன் பிள்ளை, பேய் வந்து இருக்கப்போகுதோ?” என்று பகிடி விட்டேன்.

“என்ர மகன்ர இடம். பயந்து பயந்தும் முன்னுக்குத்தான் இருப்பான். போன வருசம் செத்துப்போனான். வந்தால் நல்லதுதானே, ஐயா.”

தன் நாற்காலியைக் கைத்தடிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, நாற்பது நிமிடமும் நின்றே வாசித்தார். கதையில் பயங்கரமான இடங்கள் ஏழு. ஏழிலும் அந்த வெறும் நாற்காலியைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.